தட்டில் ஏறிய பம்ப்ளிமாஸ்

செங்கல்பட்டிலிருந்து கடற்கரை வரைக்கும் இருக்கிற அத்தனை பழக்கடைக்காரர்களோடும் சண்டை போட்டு முடித்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் தெரு ரைட்டண்ணன். சண்டைக்குக் காரணம் விலை இல்லை. எடை இல்லை. அழுகின பழத்தைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்பதும் இல்லை. "உன் கடைல பம்ளிமாஸ் ஏன் இல்ல?" இவ்வளவுதான் சண்டை.

எங்கள் பக்கத்தில் பம்ப்ளிமாஸ் என்ற சொல் எல்லோருக்கும் தெரியும். கன்னம் உப்பிய பிள்ளைகளைக் கேலி செய்ய அதைத்தான் சொல்வோம். ஆனால் பழத்தைப் பார்த்தவர்கள் குறைவு. தின்றவர்கள் அதிலும் குறைவு. தின்றேன் என்று சொல்கிறவர்களும் பெரும்பாலும் தோலைத் தின்றுவிட்டுக் காறித் துப்பியவர்களாக இருப்பார்கள். இந்த அநியாயத்தைத் தட்டிக் கேட்கத்தான் தான் பிறந்ததாக ரைட்டண்ணன் நினைத்தார்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருக்கிறது. செங்கல்பட்டுக்கும் சதுரங்கப்பட்டினத்துக்கும் ஓடிய ஒரு மினி பஸ்ஸில் கண்டக்டராக இருந்தார். விசில் எப்போதோ தொலைந்துவிட்டது. வேறு வாங்கவில்லை. வாயாலேயே 'ரைட்டு' கொடுத்துக் கொடுத்துப் பழகி, பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகும் அது நிற்கவில்லை. சாப்பிட்டு எழுந்தால் ரைட்டு. கதவைப் பூட்டினால் ரைட்டு. ஒரு சாவு வீட்டில் பாடையைத் தோளில் ஏற்றும் நேரம் பார்த்து "போலாம் ரைட்டு" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எங்கள் தெருவில் யார் செத்தாலும் அவரைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்வார்கள்.

ஆள் ஒல்லி. மரத்தில் காய் பறிக்கத் துரட்டி வேண்டாம், அவரையே நிமிர்த்திப் பிடித்தால் போதும். அவர் வீட்டுக்கு ஒட்டினாற்போல் என் பஞ்சர் கடை. நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. வண்டியோடு வருகிறவர்களிடம் டயரைக் காட்டி, விரலைக் காட்டியே வேலையை முடித்துவிடுவேன். எனக்கும் சேர்த்து ரைட்டண்ணன் பேசிவிடுவார். அந்த வகையில் எங்களுக்குள் நல்ல பொருத்தம்.

அவர் இந்தப் பழத்தைக் கண்டுபிடித்த கதையை என் கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். வண்டிச் சக்கரத்தைக் கழற்றிவிட்டால் எங்கே ஓடுவார்கள்?

ஒரு நாள் சதுரங்கப்பட்டினத்துக் கோட்டைக்குப் பக்கத்தில் மினி பஸ் பஞ்சராகிவிட்டது. ஸ்டெப்னியும் சரியில்லை. டிரைவர் டயரை உருட்டிக்கொண்டு கல்பாக்கம் பக்கம் போய்விட்டார். ஜனங்கள் நிழல் தேடி ஒதுங்கினார்கள். ரைட்டண்ணனுக்கு நாக்கு வறண்டு போயிருந்தது. ஒரு வீட்டுக் கொல்லையில் கால்பந்து கால்பந்தாகக் காய்த்துத் தொங்கின ஒரு மரம் தெரிந்தது. கேட்டிருக்கிறார். வீட்டுக்காரர் சந்தோஷமாக, எத்தனை வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போங்கள், ஆடுகூட இதை மோந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறது என்றாராம்.

முதல் பழத்தை அண்ணன் ஸ்க்ரூ டிரைவரால் குத்திக் கிழித்து, தோலோடு ஒரு கடி கடித்தார். காய்ச்சல் மாத்திரையைப் பஞ்சில் சுற்றி மென்ற மாதிரி இருந்தது என்று சொல்வார். ஆத்திரத்தில் பழத்தைக் கோட்டைச் சுவரில் விட்டெறிந்தார். அது மோதி, பிளந்து, மணலில் உருண்டது. பிளந்த இடத்தில் ஒரு சுளை, தன் தோல் கிழிந்து, ரோஸ் நிறத்தில் முத்து முத்தாக மின்னியது.

வேறு யாராக இருந்தாலும் அதோடு விட்டிருப்பார்கள். அண்ணன் விடவில்லை. எடுத்து, மணலை ஊதிவிட்டு, அந்த முத்துகளை மட்டும் உதிர்த்து வாயில் போட்டார். அப்புறம் இன்னொரு பழம். அப்புறம் இன்னொன்று. டயர் வந்துவிட்டது, மாட்டியாகிவிட்டது, ஜனங்களும் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். கண்டக்டர் மட்டும் கோட்டைச் சுவரில் சாய்ந்துகொண்டு, சுற்றிலும் தோலைப் பரப்பி, முழங்கை வரைக்கும் சாறு ஒழுக உட்கார்ந்திருந்தாராம். டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்தார். ஜனங்கள் கத்திப் பார்த்தார்கள். அண்ணன் தலையைத் தூக்காமலே, "இருங்க, கையில சுளை கீது" என்றாராம். அந்த பஸ்ஸின் சரித்திரத்தில் பயணிகள் கண்டக்டருக்கு ரைட்டு கொடுத்தது அன்று ஒரு நாள்தான்.

அந்த வீட்டுக்காரரிடம் கெஞ்சி ஒரு கிளையில் பதியம் போட்டு, வேர் விட்டதும் வெட்டிக் கொண்டுவந்து தன் கொல்லையில் நட்டார். மரம் வளர்ந்தது. முள் வந்தது. காய் வரவில்லை. துணி காயப் போட்டால் முள்ளில் மாட்டிக் கிழிந்தது. அண்ணிக்கு, அதாவது அவர் மனைவிக்கு, நல்ல புடவை எல்லாம் போயிற்று. வெட்டிப் போடச் சொல்லி வருஷக்கணக்காகச் சொன்னார்கள். அண்ணன் அசையவில்லை. "காய்க்கலன்னா போவுது, நிக்கட்டும். நாம மட்டும் இன்னாத்த காய்ச்சிட்டோம்?" என்பார். அண்ணி கிழிந்த புடவைக்கு ஊசி நூல் தேடப் போய்விடுவார்.

கடைசியில் ஒரு வருஷம் காய்க்க ஆரம்பித்தது. அதிலிருந்து என் கடை என் கடையாக இல்லை.

பழம் உரிக்க அண்ணன் சில சட்டங்கள் வைத்திருந்தார். பறித்த உடனே உரிக்கக் கூடாது. கட்டிலுக்கு அடியில் கிடந்து, தோல் கொஞ்சம் சுருங்க வேண்டும். கத்தி தலையைச் சீவ மட்டும். அதற்கு மேல் விரல்தான். மேல்தோலை இதழ் இதழாக இறக்கி, உள்ளே இருக்கிற வெள்ளைப் பஞ்சை மெத்தை பிரிக்கிற மாதிரி பிரித்து, சுளையைப் பிளந்து, சுளையின் மேல் இருக்கிற கசப்புத் தோலையும் முழுதாக உரிக்க வேண்டும். உப்பு, மிளகாய்த்தூள் கேட்டால் சுளை கிடையாது. போனில் பேசிக்கொண்டே கையை நீட்டினால் கிடையாது. உள்ளங்கையைக் குழித்து, கோயிலில் தீர்த்தம் வாங்குகிற மாதிரி வாங்க வேண்டும்.

பஞ்சர் ஒட்டி முடிந்துவிடும், பழம் உரிந்து முடியாது. வண்டிக்காரர்கள் வண்டியை எடுக்காமல் நின்றுகொண்டிருப்பார்கள். கல்யாணத்துக்குப் போக வேண்டிய ஒருவர் என் கடையிலேயே சுளைக்காக நின்று, போய்ச் சேர்ந்தபோது பந்தி முடிந்து இலை எடுத்துவிட்டார்கள். மறுநாள் வந்து சத்தம் போடுவார் என்று பயந்தேன். வந்தார். இன்னொரு பழம் இருக்கிறதா என்று கேட்டார்.

எல்லாப் பழமும் நன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. அந்த மரத்துக்கு ஒரு கெட்ட குணம். நாலில் ஒன்று உள்ளே வறண்டு, சக்கையாக இருக்கும். வெளியே பார்த்தால் தெரியாது. சக்கை வந்துவிட்டால் அண்ணன் முகம், பரீட்சையில் பிள்ளை பெயிலான அப்பன் முகம் மாதிரி ஆகிவிடும். பேசாமல் கொண்டுபோய் மரத்தடியிலேயே போட்டுவிட்டு வருவார்.

இந்த மனிதர்தான் பழக்கடை பழக்கடையாக ஏறி இறங்கினார். ஏன் விற்கவில்லை என்று கேட்பார். போணியாகாது என்பார்கள். வாங்க வைக்க உனக்குத் துப்பில்லை என்பார். முடிந்தது. மாமல்லபுரம் போகிற கடற்கரைச் சாலையில், திருவிடந்தையில் ஒரு பெரிய பழக்கடை. கண்ணாடி போட்டு, ஏசி போட்டு, வெளிநாட்டுப் பழங்களாக அடுக்கியிருப்பார்கள். ஒரு தடவை என்னையும் இழுத்துக்கொண்டு அங்கே போனார். முதலாளி வாட்டசாட்டமான ஆள், நெற்றி நிறைய விபூதி. டிராகன் பழத்தை வெட்டி, ருசி பாருங்கள் என்று மரியாதையாகத்தான் கொடுத்தார். அண்ணன் ஒரு வாய் தின்றுவிட்டு, "வெளிய பாத்தா தேர் மாதிரி கீது. உள்ள தண்ணில எள்ளு போட்ட மாதிரி கீது. இத வெச்சிக்கினு பம்ளிமாஸ வெக்க மாட்டியா?" என்றார்.

அந்த முதலாளி, பம்ப்ளிமாஸ் மாட்டுக்குப் போடுகிற சரக்கு, பேஜார் பண்ணாமல் போய்க்கொண்டே இரு என்றார். நான் அண்ணனின் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தேன். கண்ணாடிக் கதவு தானாகவே மூடிக்கொண்டதால் அவருடைய கடைசி வார்த்தைகள் முதலாளிக்குக் கேட்கவில்லை. அது நல்லதாகப் போயிற்று என்று அன்று நினைத்தேன்.

அண்ணனுக்கு ஒரே பெண். செல்வி. செங்கல்பட்டில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. அப்பனுக்கு நேர் எதிர். வாயைத் திறக்கிற பெண் இல்லை. அண்ணன் பம்ப்ளிமாஸ் பேச்சை எடுத்தால் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். தோழிகள் வீட்டுக்கு வந்தால், "அப்பா, இன்னிக்கு மட்டும் வோணாம்" என்று முன்கூட்டியே சொல்லி வைப்பாள். அவளுக்கு அந்தப் பழம் பிடிக்குமா பிடிக்காதா என்பதுகூட எங்களுக்குத் தெரியாது.

சொந்தக்காரர்கள் மூலமாக அவளுக்கு ஒரு வரன் வந்தது. போட்டோ பார்த்தார்கள். பையனும் பெண்ணும் போனில் பேசினார்கள். பிடித்துப் போயிற்று. செல்வி தனியாகச் சிரிக்க ஆரம்பித்தாள். அதுவரை அவளை அப்படிப் பார்த்ததில்லை. பெண் பார்க்க நல்ல நாளில் அவர்கள் வந்தார்கள். ஆம்பளை ஆட்கள் குறைவாகத் தெரியக் கூடாதென்று என்னையும் வெள்ளைச் சட்டை போட்டு உட்கார வைத்திருந்தார்கள்.

காரிலிருந்து முதலில் இறங்கியவருக்கு நெற்றி நிறைய விபூதி.

அத்தனை கடையிலும் சண்டை போட்டு வைத்தால் சம்பந்தி எங்கிருந்து வருவார்? அந்தக் கடைகளில் ஒன்றிலிருந்துதான் வருவார். இது அண்ணியின் கணக்கு. அந்த நேரத்தில் யாருக்கும் கணக்கு ஓடவில்லை. முதலாளி வாசலிலேயே நின்றுவிட்டார். "நீ அந்த பம்ளிமாஸ் பார்ட்டிதானே?" என்றார்.

"நீங்க அந்த டிராகன்தானே?" என்றார் அண்ணன்.

அண்ணி கையிலிருந்த காப்பித் தட்டை அப்படியே தரையில் வைத்துவிட்டார். முதலாளியின் அக்கா, பேச்சில் நம் அண்ணனுக்குக் கொஞ்சமும் குறையாத அம்மாள், இந்த வீட்டுக்கா வந்தோம் என்று உரக்கவே கேட்டார். அதற்குள் பையன் முன்னால் வந்து செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டான். செல்வி கதவோரம் நின்று அவனையே பார்த்தாள். பிள்ளைகள் இரண்டும் அப்படிப் பார்த்துக்கொண்ட பிறகு பெரியவர்கள் விழுங்கித்தான் ஆக வேண்டும். விழுங்கினார்கள்.

கிளம்பும்போது முதலாளி ஒன்றே ஒன்று சொன்னார். நிச்சயதார்த்தத்துக்கு அவருடைய வியாபாரக் கூட்டம் முழுக்க வரும், எல்லாம் பழ மண்டிக்காரர்கள். நகை பற்றி அவர் கேட்கவில்லை, வேறு எதுவும் கேட்கவில்லை. ஆனால் அந்தப் பழம் மட்டும் தட்டில் வரக் கூடாது. வந்தால் தட்டு மாற்றாமல் எழுந்துவிடுவோம் என்றார்.

அண்ணன் வாயைத் திறப்பதற்குள் அண்ணி முந்திக்கொண்டு, வராதுண்ணா என்றார். அண்ணன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆவணியில் நாள் குறித்தார்கள். திருவிடந்தையிலேயே மண்டபம். முதல் நாள் அண்ணி எல்லாத் தட்டையும் கட்டி வைத்தார். புடவை, வெற்றிலை பாக்கு, பூ, சர்க்கரை, இனிப்பு, ஆப்பிள். அண்ணன் என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். கீழே கிடந்த டியூபைக் காலால் தள்ளிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்.

"பழக்கடைக்காரனுக்கு ஆப்பிள் வாங்கிக் குடுக்கணுமாம். யோசிச்சுப் பாரு. அவன் வித்தத வாங்கி அவன் கைலயே குடுக்கணும். அதுக்கு மேளம் வேற."

போகட்டும் அண்ணாத்த, பெண்ணுக்காக விடுங்கள் என்றேன்.

"பொண்ணுக்காகத்தான்டா சொல்றேன். அத்தினி தட்டும் கடைல வாங்கினது. என் வூட்லருந்து போறதுன்னு ஒண்ணியும் இல்ல. வெறும் கையோட போன மாதிரி இருக்காது?"

அப்போதே அண்ணியிடம் சொல்லியிருக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கு அண்ணன் சொன்னது நியாயமாகப் பட்டது. இப்போதும் படுகிறது.

மறுநாள் மண்டப வாசலில் வேன் நின்றதும் அண்ணன் ஒரு தட்டை என் கையில் வைத்தார். மினுமினுக்கிற தங்க நிறக் காகிதத்தில் கட்டியிருந்தது. கை இறங்கிப் போகிற கனம். சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு தட்டோடு முன்னால் போய்விட்டார்கள். நாலு பேர் பார்த்தால் சோறுகூட இறங்காத எனக்கு, மேளம் வாசிக்க, வீடியோக்காரர் விளக்கை முகத்தில் அடிக்க, அந்தத் தட்டோடு நாற்காலிகளுக்கு நடுவே நடக்க வேண்டியிருந்தது. வழியில் ஒருவர், இன்னாப்பா பூசணியா என்று கேட்டார். நான் தலையை ஆட்டி வைத்தேன். ஆப்பிள் எங்கே என்று அண்ணி தேடுவது தெரிந்தது. வேனுக்குள் டிரைவர் ஆப்பிள் தின்றுகொண்டிருந்தார்.

தட்டுகளை ஜமுக்காளத்தில் வரிசையாக வைத்தோம். முதலாளியின் அக்கா ஒவ்வொரு காகிதமாகப் பிரித்துக்கொண்டே வந்தார். என் தட்டில் வந்து நின்றார். பிரித்தார்.

மேளக்காரர்களுக்கு யாரும் சொல்லவில்லை, தானாகவே நிறுத்தினார்கள்.

முதலாளியின் முகம் சிவந்துவிட்டது. பின்னால் மண்டிக்காரர்கள் வரிசையில் ஒருவர் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் எல்லாவற்றையும் கெடுத்தது. அக்கா அம்மாள், அப்படி என்ன அதிசயம் இதில் இருக்கிறது, நாமும் பார்ப்போம் என்று சமையல்கட்டிலிருந்து கத்தி வரவழைத்தார். அண்ணன், "வெட்டாதீங்கம்மா, உரிக்கணும்" என்று ஓடி வந்தார். அம்மாள் கேட்கவில்லை. பழக்கடை வீட்டில் பிறந்தவர். ஒரு பழத்தை எடுத்து, தர்பூசணி பிளக்கிற மாதிரி குறுக்கே ஒரே வெட்டு. துண்டு துண்டாகப் போட்டு, பஞ்சும் தோலுமாகச் சொந்தக்காரர்களுக்கு நீட்டினார். வாயில் போட்ட ஒவ்வொரு முகமாகக் கோணியது. குழந்தைகள் ஜமுக்காளத்திலேயே துப்பின.

"கசக்குதுடா. நல்ல காரியத்துல கசப்ப குடுத்துட்டாங்கடா" என்றார் அம்மாள்.

அது பரவிவிட்டது. ஒரு கிழவர், மங்களத் தட்டில் கசப்பு ஆகாது என்று தோள் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். அவரைப் பார்த்து இரண்டு பேர் எழுந்தார்கள். பையன் அப்பாவின் கையைப் பிடித்து ஏதோ சொன்னான், அவர் கையை விடுவித்துக்கொண்டார். அண்ணி உட்கார்ந்த இடத்திலேயே கண்ணை மூடிக்கொண்டார். மேடையில் பட்டுப்புடவையில் செல்வி தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். மடியிலிருந்த அவள் கைகளை மட்டும் பார்த்தேன். ஒன்றையொன்று நெரித்துக்கொண்டிருந்தன.

இந்த இடத்தில் எந்த மனிதனும் காலில் விழுந்திருப்பான். ரைட்டண்ணன் நடுவில் போய் நின்றார்.

"பழ வியாபாரம் பரம்பரையா பண்றோம்னீங்க. ஒரு பழத்த உரிச்சுத் துன்ன உங்க வூட்ல ஒருத்தருக்கும் தெரியாதா?"

மண்டிக்காரர்கள் எல்லோரும் முதலாளியைத் திரும்பிப் பார்த்தார்கள். வேறு எது சொல்லியிருந்தாலும் அவர் எழுந்து போயிருப்பார். இதற்கு எழுந்து போக முடியாது. சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஜமுக்காளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தட்டிலிருந்து ஒரு பழத்தை எடுத்தார்.

உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த மாதிரி உரித்ததை நான் பார்த்ததில்லை. கத்தியையே தொடவில்லை. காம்புப் பக்கம் கட்டைவிரலை அழுத்தினார், தோல் திறந்தது. அவர் இழுக்கவில்லை, அது தானாக வருகிற மாதிரி வந்தது. பஞ்சு ஒரே விரிப்பாகக் கழன்றது. அண்ணன் இவ்வளவு வருஷம் உரித்தும் அவருக்கு அப்படி வந்ததில்லை. அண்ணனே வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். மண்டபமே பார்த்துக்கொண்டிருந்தது. எழுந்த கிழவரும் உட்காராமல் நின்றபடியே எட்டிப் பார்த்தார். ஒரு சுளையைப் பிரித்து, கசப்புத் தோலைக் கீறி, முதலாளி உள்ளே பார்த்தார்.

பிறகு அதை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திப் பிடித்தார். வெளுத்து, வறண்டு, சக்கை.

"இதுக்குத்தானா இவ்ளோ சவுடாலு" என்றார் அக்கா அம்மாள்.

அண்ணன் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அந்த மனிதரிடம் பேச்சு தீர்ந்து போய் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கட்டிலுக்கு அடியில் குனிந்து குனிந்து, முகர்ந்து முகர்ந்து அவர் தேர்ந்தெடுத்த பழங்கள் அவை. முதலாளி சுளையைத் தோலோடு சேர்த்துத் தட்டில் போட்டுவிட்டு, கையை ஊன்றி எழப் பார்த்தார்.

"மாமா, கொஞ்சம் இருங்க."

சத்தம் மேடையிலிருந்து வந்தது. நிச்சயதார்த்தத்தில் பெண் பேசுகிற வழக்கம் எங்கள் பக்கம் இல்லை. செல்வி எழுந்து, புடவைக் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தாள். தட்டின் முன்னால் மண்டியிட்டாள். ஒரு பழத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தாள். கீழே வைத்தாள். இன்னொன்றை எடுத்தாள். அதையும் வைத்தாள். அவசரமே படவில்லை. இத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பதும் அவளுக்குத் தெரிந்த மாதிரி இல்லை. அடியில் கிடந்த, எல்லாவற்றிலும் சிறிய பழத்தை எடுத்தாள். இரண்டு கையிலும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். முதலாளியிடம் நீட்டினாள்.

"கனமா இருக்கறத உரிக்கணும் மாமா. லேசா இருந்தா உள்ள ஒண்ணும் இருக்காது. இத உரிங்க."

அக்கா அம்மாள், பெண்ணுக்கு வாய் இருக்கிறதே என்றார். செல்வி அவரைத் திரும்பிப் பார்த்து, "இருக்குது அத்த. எங்கப்பா பேசிக்கினே இருந்ததால எனக்கு வேல வரல" என்றாள். பையன் சிரித்துவிட்டான். அவனைப் பார்த்து இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

முதலாளி பழத்தை வாங்கிக்கொண்டார். கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி உட்கார்ந்தார். கட்டைவிரலை அழுத்தினார். இந்தத் தடவை தோல் திறந்ததுமே வாசனை எழுந்தது. பின் வரிசை வரைக்கும் போனது. சுளையைப் பிளந்தார். கசப்புத் தோலைக் கீறி விரித்தார். ரோஸ் நிறத்தில் முத்து முத்தாக, சாறு அவர் மணிக்கட்டு வழியாக வழிந்தது.

வாயில் போட்டார். மென்றார். இன்னொரு சுளையை உரித்தார். அக்காவுக்குக் கொடுப்பார் என்று நினைத்தேன். தானே தின்றார். மூன்றாவதைத்தான் அக்காவிடம் நீட்டினார். அந்த அம்மாள் முகத்தைச் சுளிக்கத் தயாராக வைத்துக்கொண்டு வாயில் போட்டார். சுளிப்பு வரவில்லை. கை மட்டும் மறுபடியும் நீண்டது.

முதலாளி விரல்களைத் துண்டில் துடைத்துக்கொண்டு அண்ணனைப் பார்த்தார்.

"நல்லாக்கீது சம்பந்தி. ஆனா விக்காது."

அண்ணனுக்குக் குரல் திரும்பி வந்துவிட்டது. "விக்கவா வளத்தேன்?" என்றார்.

இருவரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டே இருந்தார்கள். நல்ல நேரம் முடியப் போகிறது என்று ஐயர் பதறினார். நின்ற கிழவர் தனக்கும் ஒரு சுளை கேட்டார். மங்களத்துக்கு ஆகாது என்றவர் அவர்தான். மேளம் அடித்தது. பிசுபிசுத்த கையோடேயே தட்டை மாற்றிக்கொண்டார்கள். லக்னப் பத்திரிகையில் முதலாளியின் கட்டைவிரல் சாறு ஒரு வட்டமாக ஊறியிருந்தது. யாரும் அதைத் துடைக்கவில்லை.

கல்யாணம் முடிந்துவிட்டது. பெண் நன்றாக இருக்கிறாள். அந்தக் கடையில் இன்றைக்கும் பம்ப்ளிமாஸ் இல்லை. முதலாளி வைக்க மாட்டேன் என்கிறார், அண்ணன் வைத்தே ஆக வேண்டும் என்கிறார். மகளைப் பார்க்கப் போகும்போதெல்லாம் கடையில் ஏறிச் சண்டை போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் போகிறார். பழம் கேட்டு முதலாளி வீட்டிலிருந்து ஆள் மட்டும் வருகிறது.

அன்று திரும்பி வரும்போது வேனில் எல்லோரும் அந்தக் கூத்தையே பேசிப் பேசிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். அண்ணி ஆப்பிள் விஷயமாக டிரைவரை விசாரித்துக்கொண்டிருந்தார். அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். நான் அவருக்குப் பக்கத்தில். மாமல்லபுரம் தாண்டியது. திருக்கழுக்குன்றம் மலை தெரிகிற இடத்தில் என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"தூக்கிப் பாத்தா, பாத்தியா?"

பார்த்தேன் என்றேன்.

"நான் சொல்லித் தரலடா. காதுல ஒயர மாட்டிக்கினு உள்ள போய்டுவாளே. எப்பப் பாத்தா? எப்பக் கத்துக்கினா?"

எனக்குத் தெரியவில்லை அண்ணாத்த என்றேன். அவர் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் லேசாகக் குலுங்கியது. அவர் நிதானமாக முகத்தைத் துடைத்துக்கொள்ளட்டும் என்று, செங்கல்பட்டு வருகிற வரைக்கும் நான் எதிர்ப்பக்கச் சாலையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.